வாங்குறவன் எங்கிருந்து வர்றான்?

1/ வண்ணாரப்பேட்டை வழக்கு பலருக்கு மறந்திருக்கும். 13 வயசுப் பொண்ணு. 2020 கடைசியில போலீஸுக்குப் போன வழக்கு. 2022 செப்டம்பரில் சென்னை போக்சோ நீதிமன்றம் 21 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 8 பேருக்கு ஆயுள், 13 பேருக்கு 20 வருஷம்.

2/ சொந்தக்காரங்களே வித்துட்டாங்களேன்னு கோபப்பட்டோம். நியாயம்தான். ஆனா காசு கொடுத்து வந்தவங்களும் அந்தப் பட்டியல்ல இருக்காங்க. எண்ணூர்ல வேலை பார்த்த ஒரு காவல் ஆய்வாளர் உட்பட. எல்லாருமே ஒரு காலத்துல 14 வயசுப் பசங்களா இருந்தவங்கதான்.

3/ பொண்ணுங்களுக்கு ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு நடக்கும்போது பசங்களை கிரவுண்டுக்கு அனுப்பிடுறோம். திருவொற்றியூர் பக்கம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டப்போ, பத்தாவது பசங்களைக் கேட்டேன். “நாமளே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடுமே டாக்டர்”னு தயங்கினார் ஹெட்மாஸ்டர். “போன் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துடுச்சு சார், தப்பா”ன்னேன்.

4/ பேர் போடாம சீட்டுல கேள்வி எழுதச் சொன்னேன்.
“அவளே ஓகே சொன்னா?” 18 வயசுக்குக் கீழ சம்மதம்னு ஒண்ணு சட்டத்துல கிடையாது.
“கத்தலையே, அப்போ பிடிச்சிருக்குதானே?” இல்லப்பா. அதிக பயத்துல உடம்பு உறைஞ்சு போகும். குரலே வராது. அது மூளையோட வேலை, சம்மதம் இல்ல.
“குரூப்ல வந்த வீடியோவை வெச்சிருந்தா கேஸா?” சின்னப் பிள்ளைங்க வீடியோன்னா ஆகலாம். சென்னை வழக்கு ஒண்ணுலதான் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து பண்ணி அதைச் சொல்லுச்சு.

5/ ஒரு சீட்டுல: “எனக்கு நடந்துச்சு. நான் ஆம்பளையா?”
யார் எழுதினதுன்னு தெரியாது. எல்லாருக்கும் பொதுவா பதில் சொன்னேன். 2007-ல மத்திய அரசு எடுத்த ஆய்வுல பாலியல் தொல்லைக்கு ஆளானதா சொன்ன பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல பசங்க. போக்சோ சட்டம் உங்களுக்கும்தான். தப்பு செஞ்சவன் அவன், நீ இல்ல. 1098-க்கு போன் பண்ணலாம், என்கிட்டயும் வரலாம்.
அடுத்த வாரம் ஒருத்தன் வந்தான். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செஞ்சோம். அதுக்கு மேல இங்க எழுதக் கூடாது.

6/ இந்தப் பசங்க பலர் ரெண்டு மூணு வருஷத்துல லாரிக்கு கிளீனராவோ, கன்டெய்னர் யார்டுக்கோ, காசிமேட்டுக்கோ வேலைக்குப் போவாங்க. ஒரு நாள் ராத்திரி கூட வேலை செய்யுற அண்ணன் கூப்பிடுவான்: “வாடா, நீ ஆம்பளைதானே?” அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இந்த வகுப்பே. என்ன பதில் சொல்லுவீங்கன்னு கேட்டேன்.

7/ ஒருத்தன்: “காசு இல்லண்ணான்னு சொல்லிடுவேன். கெத்தும் போகாது.”
பின்னாடி பெஞ்சுல இருந்து: “அப்போ காசு இருந்தா போவியாடா?”
யாரும் சிரிக்கலை. பத்து நிமிஷம் அதைப் பத்தி அவங்களே பேசிக்கிட்டாங்க. நான் வாயே திறக்கலை.

8/ பிள்ளையை வாங்க ஆள் இல்லாத ஊர்ல விக்கிறவனுக்கு வேலை இல்ல. தலைமை ஆசிரியர்களே, அடுத்த தடவை டாக்டரைக் கூப்பிட்டா பசங்களையும் உட்கார வைங்க. அப்பாக்களே, இதை வீட்டுல நீங்களே ஆரம்பிங்க.