சத்தம் குறையும் பக்கம்

ஜனவரி 3, சனி

ஹார்டுவேர் கடையில் வாங்கிய மூன்று மீட்டர் இரும்பு டேப் இன்று மாலை ஆன்டெனா ஆகிவிட்டது. ஜோ லெஜியோ என்ற அமெரிக்க ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) வகுத்துக்கொடுத்த அளவுகள் இவை: பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டர் 105 செ.மீ., நடுவில் கேபிள் சேரும் இரண்டு துண்டுகள் தலா 45, முன்னால் டைரக்டர் 89. கூட்டினால் 284. டேப்பில் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. முதுகெலும்புக்கு அரை இஞ்ச் பி.வி.சி. குழாய், துண்டுகளை இறுக்க ஹோஸ் கிளாம்ப். டேப்பின் மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும். அதற்கே அரை மணி நேரம் போனது.

எத்தனையோ உலோகம் இருக்க டேப் எதற்கு என்று அண்ணி கேட்டார். ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் புதருக்குள் நுழையும்போது மடங்கும், வெளியே வந்ததும் தானாக நிமிரும். அலுமினியக் கம்பியாக இருந்தால் முதல் முள்வேலியிலேயே வளைந்துவிடும். இரண்டு மீட்டர் அலைவரிசையில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, இந்த ஆன்டெனா முன்பக்கம் நன்றாகக் கேட்கும். நேர் பின்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்துக்காகத்தான் இந்த வடிவமைப்பு இத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 4, ஞாயிறு

லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா. மார்கழிக் காலைக் குளிரில் நடைப்பயிற்சிக்காரர்கள் மஃப்ளரோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் மூத்தவர், எல்லோருக்கும் 'சார்'. அவர் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டரைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எங்கோ ஒளித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒளித்துவைப்பதுதான் நரி, தேடுவது நாங்கள். நரி அவ்வப்போது அவருடைய அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லும். உரிமம் பெற்ற நிலையம் எதுவானாலும் தன்னை அடையாளம் காட்டியாக வேண்டும்.

ஆன்டெனாவைத் தொடக்கூடாது என்றார் சார். "வெறும் கையடக்க செட்டை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. எங்க ரொம்பக் கம்மியாக் கேக்குதோ, அங்க நில்லுங்க. நரி உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு."

உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைவரிசையை அது நன்றாகவே மறைக்கிறது. அண்ணன் மகள் ஆதிரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அத்தை, சத்தம் ஜாஸ்தியாகுற பக்கம் எதுன்னே தெரியல, ஆனா குறையுற இடம் பளிச்சுனு தெரியுது" என்றாள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் அவளுக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தருகிற ஆசிரியை நான்தான் என்பது வேறு விஷயம். உச்சம் மழுங்கலாக, ஏறக்குறைய ஒரே அளவில் நாற்பது ஐம்பது டிகிரிக்குப் பரந்து கிடக்கிறது. பள்ளம் கூர்மையாக விழுகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

பெசன்ட் நகர். கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தருகே நின்று ஆன்டெனாவைச் சுழற்றினால் சிக்னல் தெளிவாக மேற்கே காட்டியது. கடல் பக்கம் பிரதிபலிக்க எதுவும் இல்லை. வரைபடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். தெற்கே கொஞ்சம் நடந்து போய் இன்னொரு கோடு. இரண்டும் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிக்கொண்டால்தான் வெட்டும் புள்ளியை நம்பலாம். ஒரே பக்கத்தில் அருகருகே நின்று எடுத்த கோடுகள் சாய்வாக உரசிக்கொண்டு ஒரு தெரு முழுவதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும்.

குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்ததும் எல்லாம் குழம்பியது. இரண்டு மீட்டர் அலை கான்கிரீட்டிலும் இரும்புக் கதவிலும் தண்ணீர் டேங்கிலும் முட்டித் திரும்புகிறது. ஒரு சந்திப்பில் நின்றால் வடக்கே ஒரு ஆறு மாடிக் கட்டடம் 'இங்கேதான்' என்கிறது. பத்து அடி நகர்ந்தால் கிழக்கே ஒரு டிரான்ஸ்பார்மர் அதையே சொல்கிறது. சார் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது: ஒரு இடத்தில் கிடைத்த திசையை நம்பாதே, நடந்துகொண்டே பார். பொய்த் திசை நம்மோடு சேர்ந்து ஆடும்; உண்மையான திசை மட்டும் நாலு இடத்தில் நின்றாலும் ஒரே பக்கம் கைகாட்டும். சந்து நடுவில் நிற்பதைவிட நாற்சந்தி, மைதானம், மொட்டைமாடி மேல்.

போலீஸ்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "என்னம்மா இது, ட்ரோனுக்கா?" என்றார். உரிமத்தின் நகலைக் காட்டினேன். வி.யு.3 என்று தொடங்கும் என் அழைப்புக்குறியைப் படித்துப் பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்து நடங்க என்று மட்டும் சொன்னார். நியாயமான அறிவுரை. காது முழுக்க இரைச்சலும் கண் முழுக்கச் சிக்னல் பட்டையுமாக இருப்பவர்களை ஆட்டோக்காரர்கள் மன்னிப்பதில்லை.

நரி கிடைத்தது, ஆனால் ஆதிரையின் கண்ணுக்கு. ஒரு புங்கமரத்தின் அடியில் டப்பா தெரிந்தது. ரேடியோ அதற்கு வெகு முன்பே கைவிட்டிருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

ரேடியோ ஏன் கைவிட்டது என்பதுதான் இந்த விளையாட்டின் மையம். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் சிக்னல் 6 டெசிபல் ஏறுகிறது. ஒரு கிலோமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 60 டெசிபல், அதாவது பத்து லட்சம் மடங்கு ஆற்றல். கையடக்க செட்டின் பட்டை நூறு மீட்டரிலேயே நிரம்பிவிடலாம். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் முழுப் பட்டை. போதாததற்கு எஃப்.எம். வேறு: சிக்னல் வலுக்க வலுக்கப் பேச்சு உரக்கக் கேட்பதில்லை, பின்னால் இருக்கும் இரைச்சல்தான் அடங்குகிறது. இரைச்சல் அடங்கிய பிறகு காதுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே நெருங்க நெருங்க ரேடியோவைச் செவிடாக்க வேண்டும். செலவில்லாத வழிகள் உண்டு. நரி 145.200-இல் இருந்தால் செட்டை 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைப்பது ஒன்று. இன்னும் நெருங்கினால் மும்மடங்கு அதிர்வெண்ணில், 435.600-இல், கேட்பது: எந்த டிரான்ஸ்மிட்டரிலும் மூன்றாவது ஹார்மோனிக் கொஞ்சம் கசியும், மிகப் பலவீனமாக. அது காதில் விழுந்தாலே நரி பக்கத்தில்.

ஆனால் நான் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வந்தது ஆஃப்செட் அட்டென்யூவேட்டருக்காக. 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர், ஒரு டயோடு, ஒரு வால்யூம் கன்ட்ரோல், 9 வோல்ட் பேட்டரி, எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். சாதாரண அட்டென்யூவேட்டர் கேபிள் வழியாக வருவதைத்தான் குறைக்கும். நரி பக்கத்தில் இருக்கும்போது சிக்னல் செட்டின் பிளாஸ்டிக் உடம்பு வழியாகவே உள்ளே நுழைந்துவிடும், அதை எதுவும் தடுக்காது. இந்தப் பெட்டியோ 145.200-ஐ 4 மெகாஹெர்ட்ஸோடு கலந்து 149.200 என்ற புது இடத்தில் ஒரு நகலை உண்டாக்குகிறது. நாம் அங்கே கேட்கிறோம். பிளாஸ்டிக் வழியே நுழையும் அசல் வேறு அதிர்வெண்ணில் கத்திக்கொண்டு கிடக்கட்டும். குமிழைத் திருகி நகலை எவ்வளவு வேண்டுமானாலும் மங்கச் செய்யலாம். இத்தனை சில்லறைச் சாமான்களில் இவ்வளவு புத்திசாலித்தனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்த ஒரு கல்லூரி வளாகம், அனுமதி வாங்கி. மரங்கள், இடையிடையே மைதானம். குமிழைத் திருகித் திருகி, நரியின் குரல் எப்போதும் இரைச்சலில் பாதி மூழ்கியே இருக்குமாறு வைத்துக்கொண்டேன். அந்த நிலையில் காதே மீட்டர். ஆன்டெனாவை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் வித்தியாசம் தெரிகிறது. கடைசிப் பத்து மீட்டரில் ஆன்டெனாவைத் திருப்பிப் பிடித்து, செவிட்டுப் பின்பக்கத்தால் தேடினேன். நூலகத்துக்குப் பின்னால், சுருட்டிவைத்த தோட்டக் குழாயின் நடுவில் டப்பா.

திரும்பி வரும்போது சார் உலகப் போட்டிகளைப் பற்றிச் சொன்னார். முதல் உலக சாம்பியன்ஷிப் 1980-இல் போலந்தில் நடந்தது. காட்டுக்குள் ஐந்து நரிகள், எல்லாம் ஒரே அதிர்வெண்ணில். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிவிட்டு நாலு நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். எம்.ஓ. என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் புள்ளிகளை எண்ணினால் போதும்: ஒரு புள்ளி முதல் நரி, ஐந்து புள்ளி ஐந்தாவது. மோர்ஸ் தெரியாதவரும் ஓடலாம். ஓட வேண்டும் என்பதுதான் எனக்குச் சிக்கல். அந்தப் போட்டிகளில் 80 மீட்டர் அலைவரிசையிலும் வேட்டை உண்டு. அந்த நீண்ட அலைகள் கட்டடங்களை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால் திசை பொய் சொல்வது குறைவு. பழகுபவர்களுக்கு அதுவே முதலில் வர வேண்டியது என்று எனக்குப் படுகிறது. ஆனால் ஊரில் எல்லோர் கையிலும் இருப்பது இரண்டு மீட்டர் செட்.

ஜனவரி 20, செவ்வாய்

அடுத்த ஞாயிறு ஒளித்துவைப்பது என் முறை. உயரத்தில் வைத்தால் எங்கிருந்தும் கேட்கும், சுலபம். தரையில், இரும்பு வேலியை ஒட்டி வைத்தால் வேலி முழுவதும் நரியாகிவிடும். பழகுபவர்களுக்கு அது அநியாயம். இன்னொன்றும் இருக்கிறது. எல்லோரும் ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தே நடக்கிறார்கள். என் நரியின் ஆன்டெனாவைப் படுக்கவைத்தால், நிமிர்ந்திருக்கும் ஆன்டெனாக்களில் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். கட்டடங்களில் முட்டிச் சாய்ந்து வருவது நேராக வருவதைவிட உரக்கக் கேட்கலாம். மணிக்கட்டைத் திருப்பி ஆன்டெனாவையும் படுக்கவைப்பவருக்கு மட்டும் வழி திறக்கும். ஆதிரையிடம் இதைச் சொல்லவில்லை.