ஹானின் கை

நேற்று இரவு பேரன் கைபேசியில் ‘என்டர் தி டிராகன்’ பார்த்துக்கொண்டிருந்தான். “தாத்தா, உங்களுக்கு ப்ரூஸ் லீ தெரியுமா?” என்றான். தெரியுமாவா!

படம் வந்தது 1973இல். அது திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 20 அன்று, லீ ஹாங்காங்கில் இறந்துபோனார். வயது 32தான். நான் பார்த்தது சில வருடம் கழித்து. நானும் என் நண்பனும் பாகலூரிலிருந்து ஓசூர் போய், அங்கிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறினோம். இங்கிலீஷ் வசனம் புரியவில்லை, கதை புரிந்தது. ஹான் என்ற வில்லன் தன் தீவில் சண்டைப் போட்டி வைத்துப் பல நாட்டு வீரர்களை அழைக்கிறான். லீ அதில் கலந்துகொண்டபடியே உளவு பார்க்கிறார். ஹானுக்கு ஒரு கை கிடையாது. அந்த இடத்தில் கத்தி பொருத்திக்கொண்டு கண்ணாடி அறையில் சண்டை போடுவான்.

அப்போது நாங்கள் இருவரும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை செய்தோம். கால் பெடலை மிதித்தால் டை இறங்கும். படம் பார்த்த அடுத்த வாரம், நைட் ஷிப்டில், அவன் பின்னால் போய் லீ மாதிரியே கத்தினேன். விளையாட்டுக்குத்தான். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கால் பெடலில் அழுந்தியது. இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

விசாரணையில் “தூக்கக் கலக்கம்” என்று எழுதிக் கொடுத்தான்.

“ஏன்டா என் பேரைச் சொல்லல?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

“சொன்னா உன் வேலையும் போகும். விரல் திரும்பி வருமா?” என்றவன், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “இனிமே நான்தான்டா ஹான்” என்று சிரித்தான்.

பிறகு வேலையை விட்டு, ஊரிலேயே ரோஜா பயிரிட்டான். மிச்சமிருந்த இரண்டு விரலால் காம்பைப் பிடித்து வெட்டுவான். முள் குத்தினாலும் முகம் சுளிக்கமாட்டான். போன தை மாதம் காலமானான்.

அவன் மனைவி இன்றும் தூக்கக் கலக்கம் என்றே நம்புகிறார். “நைட் ஷிப்டு வேணாம்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன் அண்ணா, கேக்கலியே” என்று துக்கத்துக்குப் போனபோது அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாளை காலை அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். பலமுறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இங்கே எழுதி உங்களிடம் சொல்லிவிட்டால், இந்த முறை திரும்பி வர முடியாதல்லவா?