செக்கிழுத்தவர் மொழிபெயர்த்த புத்தகம்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் பாசஞ்சர் நெய்யாற்றின்கரையைக் கடந்து தனுவச்சபுரத்தில் நிற்கிறது. அடுத்தது பாறசாலை; அதற்கப்பால் தமிழ்நாடு. சின்ன ஊர்தான். ஆனால் 1964-ல் தொடங்கிய வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியும் அரசு ஐ.டி.ஐ.யும் இருப்பதால் காலையிலும் மாலையிலும் ரோடெல்லாம் இளம்பிள்ளைகளின் நடமாட்டம். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குத் தயாராக உதவும் ரேங்க் ஃபைல் பலர் பையில் இருக்கும். அதோடு ஒட்டிக்கொண்டு வேறொரு வகைப் புத்தகமும் வரும்: நல்ல பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி, மனத்தைக் கட்டுவது எப்படி, விடிகாலையில் எழுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகம்.

இந்த வகைப் புத்தகத்தை இலக்கியம் படிக்கிறவர்கள் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அது நியாயமில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு, ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது, தோற்றால் எப்படி எழுந்திருப்பது என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆளில்லாமல் இருக்கலாம். அந்த இடத்தில் நூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்று மூத்தவர் வேலையைச் செய்துவிடுகிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்தப் புத்தகம் வாசகனைத் தன்னோடு நிறுத்திவிடுகிறதா, இல்லை தன்னைத் தாண்டி எங்காவது கூட்டிப்போகிறதா?

தமிழில் இந்த வகை எழுத்தின் தொடக்கக் காலத்திலேயே இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது எழுதப்பட்ட இடம் சிறைச்சாலை.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த தண்டனை இரண்டு ஆயுள், மொத்தம் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள்; 1912 டிசம்பர் 24-ல் அங்கிருந்து விடுதலையானார். வக்கீலாகச் சம்பாதித்த கை, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்ட கை, கல் உடைத்தும் செக்கிழுத்தும் காய்த்துப்போன அந்த ஆண்டுகளில்தான் அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

ஆலனும் வசதியில் புரண்டவர் அல்லர். 1864-ல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன தந்தை அங்கே கொல்லப்பட்டார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார் மகன். பிறகு இல்ஃப்ரகோம்ப் என்ற கடலோர ஊரில் ஒதுங்கி வாழ்ந்து சிறுசிறு நூல்களாக எழுதிக்கொண்டிருந்தார். மனிதனின் எண்ணமே அவன் வாழ்வை உருவாக்குகிறது என்று சொல்லும் குறுநூல் 1903-ல் வந்தது. அதைத்தான் வ.உ.சி. ‘மனம்போல வாழ்வு’ ஆக்கினார். அது 1909-ல் அச்சேறியபோது மொழிபெயர்த்தவர் உள்ளே இருந்தார். பின்னால் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, 1934-ல் ‘சாந்திக்கு மார்க்கம்’ என ஆலனை அவர் விடவேயில்லை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. எண்ணம் நல்லதானால் சூழ்நிலையும் நல்லதாகும் என்கிறார் ஆலன். வ.உ.சி.யின் எண்ணத்தில் என்ன குறை? சிறைக்குள் தள்ளியது அவருடைய எண்ணத்தின் நேர்மைதான். வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை, சொத்தும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், கடனில் வாழ்ந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். 1936-ல் தூத்துக்குடியில் கண்மூடும்வரை வறுமை அவரை விட்டுப் போகவில்லை. எண்ணம் வாழ்வைப் பணக்கார வாழ்வாக மாற்றித் தரும் என்று நம்பி ஆலனை வாசிப்பவர்கள், அவரை மொழிபெயர்த்தவருடைய வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும். வ.உ.சி.க்கு அந்தப் புத்தகம் கொடுத்தது செல்வத்தை அல்ல. செக்கைச் சுற்றும்போதும் தன்மேல் தனக்கிருந்த அதிகாரத்தை ஜெயிலரிடம் ஒப்படைக்காமல் இருக்கும் திராணியை அது கொடுத்தது.

அவர் தாமே எழுதிய ‘மெய்யறம்’ இன்னும் முக்கியமானது. 1914-ல் வந்த அந்த நூலில் நூற்றிருபத்தைந்து அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து வரி. வைப்புமுறையைக் கவனித்தாலே அவர் மனம் தெரிந்துவிடும். மாணவரியலில் தொடங்குகிறது. அங்கிருந்து இல்வாழ்வியல், பிறகு அரசியல், அந்தணவியல், மெய்யியல். படிக்கிற பிள்ளையிடம் தொடங்கி, வீட்டைக் கடந்து, நாட்டை ஆள்வதுவரை போகிறது. தன்னைத் திருத்திக்கொள் என்று மாணவனிடம் சொன்ன கையோடு, அரசு எப்படி இருக்கவேண்டும் என்றும் அவனிடமே பேசுகிறார். இன்றைய சுயமுன்னேற்றப் புத்தகங்களில் மிகச் சில மட்டுமே அந்த இரண்டாவது பேச்சுக்கு வருகின்றன.

தனுவச்சபுரம் இருக்கும் இந்தத் திருவிதாங்கூர் மண்ணில் அந்த இரண்டாவது பேச்சைத் தவிர்க்கவே முடியாது. லண்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’ வெளிவந்த ஆண்டு 1859. பின்னால் வந்த இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் மூத்தது அதுதான். அதே 1859 ஜூலையில்தான், நெடிய தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று திருவிதாங்கூர் அரசர் அறிவிக்கவேண்டி வந்தது. தன்மானத்தோடு நிமிர்ந்து நடப்பது என்பதற்கு இங்கே முதலில் பொருள், தெருவில் நடக்க முடிவதுதான்.

அடுத்த தலைமுறையில் அய்யன்காளி. 1863-ல் நெய்யாற்றின்கரைத் தாலுகா வெங்ஙானூரில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தாழ்த்தப்பட்டவர்கள் போகக்கூடாத பொது வழியில் 1893-ல் வில்வண்டி ஓட்டிப்போனார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள் என்றால் வயலில் இறங்கமாட்டோம் என்று விவசாயத் தொழிலாளிகளை வேலைநிறுத்தத்தில் நிறுத்தினார். ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார். அவள் தொட்டதற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் காத்து வைத்திருக்கிறார்கள். தன்னைத்தான் தலைமையேற்று நடத்துவது பற்றி நூறு புத்தகம் வரலாம். ஒரு புத்தகமும் படிக்க வழியில்லாத மனிதர், அடுத்தவர் பிள்ளை படிக்கவேண்டும் என்பதற்காகக் கூலியையும் உயிரையும் பணயம் வைத்ததற்கு ஈடான பாடம் அவற்றில் கிடைப்பது அரிது.

நெய்யாற்றின்கரை தந்த இன்னொருவர் சுதேசாபிமானி ராமகிருஷ்ணப் பிள்ளை. 1878-ல் பிறந்தவர். வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து திருவிதாங்கூர் திவானின் ஊழலை எழுதினார். 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடுகடத்தினார்கள். போலீஸ் காவலில் ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். இழந்ததை எண்ணிப் புலம்பிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. நாடுகடத்தப்பட்ட கதையை எழுதினார். இதழியலைக் கற்பிக்கும் நூல் எழுதினார். 1912-ல் மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை எழுதினார். ரஷ்யாவில் புரட்சி நடக்க இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. காசநோய் தின்று 1916 மார்ச்சில், முப்பத்தேழு வயதில் இறந்தார். இறந்த ஊர் கண்ணூர். வ.உ.சி. சிறையிருந்த அதே கண்ணனூர்.

அவர் மனைவி பி.கல்யாணி அம்மா அங்கே பள்ளி ஆசிரியை. அந்த வேலைதான் குடும்பத்தைத் தாங்கியது. கணவர் இறந்த அதே ஆண்டில் ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ என்று தங்கள் மணவாழ்வை எழுதி வெளியிட்டார். வியாழன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததும் அவ்வளவுதான். தன்முன்னேற்றம் என்ற அலமாரியில் இந்தப் புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் வைக்கமாட்டார். வைக்கவேண்டும். வேலை, படிப்பு, குழந்தைகள், நோயாளிக் கணவர், ஊர் ஊராய் இடமாற்றம் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பெண் தன் அறிவைக் கைவிடாமல் காத்துக்கொண்டது எப்படி என்பதற்கு, இதைவிட நேரான சாட்சி இந்தப் பகுதியில் வேறில்லை.

ஸ்மைல்ஸின் புத்தகம் பிறந்த கதையை இங்கே சொல்லியாகவேண்டும். லீட்ஸ் நகரத் தொழிலாளி இளைஞர்கள் சிலர், மாலையில் கூடி ஒருவருக்கொருவர் படிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலராக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்த பழைய கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே பேச ஸ்மைல்ஸைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சுதான் பிற்பாடு நூலானது. தனி மனிதனின் முன்னேற்றத்துக்கான முதல் பெரிய புத்தகத்துக்கு ஊற்று ஒரு கூட்டுப் படிப்பகம்.

கேரளத்துக் கிராமங்களுக்கு இது புதிதல்ல. நீலம்பேரூர் பி.என்.பணிக்கர் 1926-ல் தம் ஊரில் நூலகம் தொடங்கினார். 1945-ல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களைக் கூட்டிச் சேர்த்துக் கிரந்தசாலை சங்கத்தை அமைத்தார். அந்தச் சங்கத்துக்கு 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது கிடைத்தது. அவர் இறந்த ஜூன் 19-ஐக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. சாயங்காலம் வாசகசாலை மேசையில் பத்திரிகை விரித்துக்கொண்டு நாலு பேர் வாதாடுகிற பழக்கம் அவரும் அவரைப் போன்றவர்களும் விதைத்தது. தனியறையில் அடிக்கோடிட்டுப் படித்த வரி, அந்த மேசையில் இன்னொருவர் மறுத்துப் பேசும்போதுதான் சோதனைக்கு உள்ளாகிறது.

வாசிப்பு வாரத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் எல்லையோர வாசகசாலைகள் ஒரு காரியம் செய்யலாம். ‘மெய்யற’த்தின் மாணவரியலையும் கல்யாணி அம்மாவின் நினைவுகளையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். வ.உ.சி. இறந்து அறுபது ஆண்டு கடந்துவிட்டதால் அவர் நூல்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை. பிரதியெடுத்துப் பங்கிட்டுக்கொள்வது எளிது. ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். இரண்டையும் மொழிபெயர்ப்பின்றி நேரே படிக்கக்கூடிய வாசகர் சென்னையிலோ கோழிக்கோட்டிலோ தேடினால் சிலரே கிடைப்பார்கள். தனுவச்சபுரத்திலும் பாறசாலையிலும் அவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள்.