வாடைக்கச்சான்

தை மாதத்து ஞாயிறு மதியம். கேட்வே ஆஃப் இந்தியாவின் படித்துறையில் எலிபெண்டா லாஞ்சுக்கு வரிசை நீண்டு கிடந்தது. அந்த வரிசையில் சேராமல் மூன்று பெரியவர்கள் ஓரமாக நின்றார்கள். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். வங்கி வேலை ஒருவரை மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனது. சுத்திகரிப்பு ஆலை வேலை ஒருவரைச் செம்பூருக்கு. மூன்றாமவர் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றைப் போட்டுக்கொண்டு தாராவியிலேயே தங்கிவிட்டார். நான் செம்பூர்க்காரருக்கு எதிர்வீடு. பாய்ப்படகின் வாடகையைப் பங்குபோட இன்னொரு ஆள் வேண்டும் என்று கூட்டி வந்திருந்தார். பேசுவதற்கு அவர்களிடம் ஏராளம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சின்னப் படகொன்று எங்களை ஏற்றிப்போய், நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்த பாய்ப்படகில் விட்டது. கோளி இனத்துக்காரர் ஒருவர்தான் படகை நடத்தும் தண்டேல். துணைக்கு ஒரு பையன். ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியை எல்லோரும் மாட்டி, வாரை இறுக்கிய பிறகுதான் அவர் கயிற்றில் கை வைத்தார். மாட்டுங்காக்காரர் மட்டும் புழுங்குகிறது என்று வாரைத் தளர்த்தினார். தண்டேல் ஒன்றும் சொல்லாமல் வந்து திரும்ப இறுக்கிவிட்டுப் போனார். 2024 டிசம்பர் 18 அன்று இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படை விசைப்படகு ஒன்று, எலிபெண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகில் மோதியது இதே தண்ணீரில்தான். பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு இந்தத் துறையில் அங்கி இல்லாமல் யாரும் படகேறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள்.

பாய் ஏறியது. மோட்டாரை நிறுத்தியதும் படகு வலப்பக்கம் சாய்ந்தது. மாட்டுங்காக்காரர் ஒரு கையால் விளிம்பையும் மறு கையால் காப்பி ஃபிளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டார். செம்பூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தாராவிக்காரர் எழுந்து முகத்தை ஒருமுறை இடமும் வலமும் திருப்பினார். காற்று எந்தக் காதில் படுகிறது என்று பார்த்தார் போலும்.

"வாடைக்கச்சான்" என்றார். "சாயங்காலம் மட்டும் நிக்கும். பயப்படாம இருங்கலே."

வடமேற்கிலிருந்துதான் வந்தது. மும்பையில் குளிர்காலத்து மதியங்களில் கடலிலிருந்து வீசுகிற காற்று அது. கொலாபாவின் கட்டடங்களைத் தாண்டி வரும்போது கொஞ்சம் தடுமாறும், துறைமுக நடுவுக்கு வந்துவிட்டால் சீராகிவிடும்.

முதலில் எதிர்ப்பட்டது மிடில் கிரவுண்ட். கடற்படையின் பாறைத் தீவு, மேலே கோட்டைச் சுவர். தெற்கே ஆய்ஸ்டர் ராக், அதுவும் கடற்படையுடையதே. இரண்டிலும் இறங்க முடியாது. இவ்வளவு தீவுகள் இந்தத் துறைமுகத்துக்குள் இருப்பதே ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. தீவுகளைப் பார்க்க அந்தமான், மாலைத்தீவு என்று டிக்கெட் எடுக்கிறோம். காலடியில் இருக்கிற ஊரே ஏழு தீவுதான்: கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஸ்காவ், பரேல், வொர்லி, மாஹிம். ஹார்ன்பி வெல்லார்டு அணை வொர்லிப் பள்ளத்தில் புகுந்த கடலை 1780-களில் அடைத்தது. 1840-களில் மாஹிம் பாலச்சாலை வந்தது. இடையில் கிடந்த சேற்றையும் ஓடையையும் மண் போட்டு மூடி ஒரே நிலமாக்கிவிட்டார்கள்.

தாராவிக்காரர் திரும்பி வடக்கே கைகாட்டினார். "நம்ம காலா கில்லா இருக்குல்லா? அந்தச் சுவர் வரைக்கும் தண்ணி வந்து அடிச்ச காலம் உண்டு."

அது சின்னக் கோட்டை. 1737-இல் ஆங்கிலேயர் கட்டியது. மித்தி ஆற்றின் கரையில், அன்றைய பம்பாயின் வடக்கு எல்லையைக் காவல் காக்க எழுப்பியது. இன்று அதைச் சுற்றி வீடுகளும் பட்டறைகளும்தான். மாஹிம் ஓடையை ஒட்டிக் கோளிகள் மீன் பிடித்து வாழ்ந்த கிராமம் தாராவி. அங்கேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். ஓடை தூர்ந்தது. கடலோரத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் கடல் கண்ணில் படாத சந்துகளில் வளர்ந்தார்கள். இந்த ஊர்த் தமிழரைப் பற்றி எழுதுகிறவர்கள் ரயிலைப் பற்றியும் தோலைப் பற்றியும் எழுதுகிறார்கள், தண்ணீரைச் சொல்வதில்லை. அது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே இருக்கிறது.

தாராவிக்காரருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி. அப்பா தோணியில் போனவர். இயந்திரம் பொருத்தும் காலத்துக்கு முன்னால், பாயை மட்டுமே நம்பிக் கொழும்புக்குப் போன தோணிகள் அவை. காற்று கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் கரை. இல்லாவிட்டால் நடுக்கடலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

"மாலிக்கும் போயிருக்காரு. அங்க மொதல்ல நெலம் தெரியாதாம். தென்னந்தலைதான் தெரியுமாம். கிட்டக் கிட்டப் போனாத்தான் அடியில மணல் இருக்குன்னே நம்புவோம்னு சொல்வாரு."

"நீ போகலையா?" என்று மாட்டுங்காக்காரர் கேட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அப்போதுதான் கேட்கிறார் என்று தோன்றியது.

"அம்மா விடல. சின்ன வயசுலயே மாமாகூட ரயிலேத்தி விட்டுட்டா."

பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. பையன் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாராவிக்காரரின் கை தானாக நீண்டு பாயிலிருந்து வரும் கயிற்றைத் தொட்டது. தோல் வெட்டித் தைத்துக் காய்ப்பேறிய விரல்கள். முதலில் பெருவிரலால் கயிற்றை உருட்டிப் பார்த்தார், தேங்காய் நார் இல்லை, வழுவழுப்பான செயற்கை இழை. பிறகு தண்டேலைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் அசைத்தார். தாராவிக்காரர் காலை எதிர் விளிம்பில் ஊன்றி, கயிற்றை இரண்டு சாண் இழுத்தார். படபடப்பு நின்றது. படகு ஒரு மூச்சு முன்னால் பாய்ந்தது.

"தாமான் அவங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் செம்பூர்க்காரர். தண்டேலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். அதன்பிறகு அந்தக் கயிற்றை யாரும் அவரிடமிருந்து கேட்கவில்லை.

ஜவஹர் தீவு நெருங்கியபோது செம்பூர்க்காரர் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டினார். புட்சர் ஐலண்டு என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் தீவு. வட்ட வட்டமான பெரிய தொட்டிகள், நீண்ட துறைமேடை, ஒரு கப்பல். கச்சா எண்ணெய் இங்கிருந்து கடலுக்கடியில் குழாய் வழியாகப் போய் மாஹுலில் 1950-களில் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகளில் ஏறுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் குழாயின் கரைப்பக்கத்து முனையில் வேலை பார்த்தவர் இவர். மறுமுனையை இன்றுதான் பார்க்கிறார். வாயைத் திறக்காமல் வெகுநேரம் பார்த்தார். 2017 அக்டோபரில் மின்னல் விழுந்து இங்கே ஒரு டீசல் தொட்டி நாள்கணக்கில் எரிந்தபோது யார் யார் ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். மற்ற இருவருக்கும் அந்த ஆட்களைத் தெரியாது. இருந்தும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

தீவை நெருங்க அனுமதி இல்லை. தண்டேல் சுக்கானை விலக்கிப் பிடித்தார். அப்பால் எலிபெண்டா, ஊர்க்காரர்களுக்கு காராபுரி. பச்சை மூடிய இரண்டு குன்றுகள். குகை இங்கிருந்து தெரியாது. மாட்டுங்காக்காரர் வார்த்தையாலேயே காட்டிவிட்டார். உள்ளே போனதும் முதலில் இருட்டு, கண் பழகப் பழக எதிர்ச் சுவரில் மூன்று முகத்தோடு சதாசிவம் எழும் என்றார். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், ஆறாம் நூற்றாண்டு வேலை. நடுமுகத்தின் கீழுதட்டைப் பற்றிச் சொல்லும்போது ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காற்றில் வரைந்தார். 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். அந்தத் தீவின் மக்களுக்குக் கடலடிக் கம்பியில் மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில்தான்.

"பக்கத்துத் தீவுல நாங்க ராத்திரி பூரா வெளக்கெரிச்சோம்" என்று செம்பூர்க்காரர் மெதுவாகச் சொன்னார்.

திரும்புகாலில் காற்று சற்று மேற்கே திரும்பி எதிர்முகமாகிவிட்டது. வளைந்து வளைந்துதான் வரமுடியும். ஒவ்வொரு வளைவிலும் பாய் பக்கம் மாறும்போது எல்லோரும் குனிந்து இடம் மாறி உட்கார வேண்டும். இரண்டாவது திருப்பத்திலேயே மாட்டுங்காக்காரர் பழகிவிட்டார். காப்பி பங்கிட்டார். பாண்டிச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தையே சுற்றி, எட்டு மாதத்தில் வந்து சேர்ந்ததைச் சொன்னார். தாராவிக்காரர் தாமானைப் பிடித்தபடியே கேட்டார். "ரெண்டே ரெண்டு பேரா?" என்றார். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும், "ராத்திரியில ஒருத்தி தூங்குனா மத்தவதான் பாயப் பாக்கணும், என்ன?" என்றார்.

படித்துறைக்கு வந்ததும் அடுத்த தேதிக்குப் பேச்சு. அடுத்த ஞாயிறு தைப்பூசம், செட்டா நகர் முருகன் கோயிலில் செம்பூர்க்காரருக்கு வேலை இருக்கிறது. அதற்கு மறு ஞாயிறு என்று முடிவாயிற்று. மே கடைசிக்குள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், மழைக்குப் படகைக் கரையேற்றிவிடுவோம் என்றார் தண்டேல். தாராவிக்காரர் தன் பேத்தியைக் கூட்டிவர வேண்டும் என்றார். எட்டு வயது. அந்த அளவுக்கு அங்கி இருக்கிறதா என்று பம்பாய் இந்தியில் கேட்டார்.

பையன் படகின் அடியறையைத் துழாவி ஒரு சின்ன அங்கியை எடுத்துக் கொடுத்தான். தாராவிக்காரர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வாரை நகத்தால் நெருடினார். கொக்கியோடு சேரும் இடத்தில் தையல் பாதி விட்டிருந்தது.

"இதக் கொண்டுபோறேன். நாலு தையல் போட்டுக் கொண்டாரேன்" என்று அங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். செம்பூர்க்காரர் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.