நான்கில் ஒன்று

‘காடி இழுக்க மாட்டுது, விட்டு விட்டு ஓடுது’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே இரண்டு இடத்தில் காசு கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். ஈப்போ, புந்தோங்கில் மாமா வைத்திருந்த பட்டறையில், பள்ளி விடுமுறைகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த காலத்தில் நான் கவனித்தது இது. ஒருவர் பிளக் மாற்றியிருப்பார், இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியிருப்பார். பொருள் புதிது, கோளாறு பழையது.

மாமா தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பால் ஏற்றும் லோரியில் உதவியாளாகப் போய் எஞ்சின் கற்றவர். எதையும் கழற்றுவதற்கு முன் கேள்வி கேட்பார். “நிக்கும்போது ஆடுதா, மேடு ஏறும்போது ஆடுதா? மழை நாள்ல அதிகமா?” நிற்கும்போது உதறி, அக்ஸிலரேட்டரை மிதித்ததும் சரியானால் எங்கோ காற்று புகுகிறது. மேட்டில் உதறினால் முதலில் மின்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். பலவீனமான வயர் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். உதறாமல், வேகமெடுக்க மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டரையும் பம்பையும் பார்ப்பார்.

கோலகங்சார் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா ஈப்போ தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பஸ்ஸும் நின்றுவிட்டது. மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் அவர் காடி உதறும். “கார்புரேட்டர் போச்சுன்னு முந்நூறு வெள்ளி வாங்கிட்டாங்கண்ணே. இன்னொரு நாள் லேட்டா போனா வேலை போயிடும்.”

மாமா எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எடுத்தால் எஞ்சின் தளர வேண்டும். மூன்றாவதை எடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. சம்பளம் வாங்காத ஆள் அவன்தான் என்றார். மூன்றாவது பிளக்கையும் முதலாவதையும் மாற்றிப் போட்டார். அப்போதும் மூன்றாவதுதான் வேலை செய்யவில்லை. ஆக, பிளக் குற்றவாளி இல்லை. கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய சமம். வால்வும் பிஸ்டன் வளையமும் தப்பித்தன. இருட்டியதும் விளக்கை அணைத்து, வயர்மீது லேசாகத் தண்ணீர் தெளித்தார். மூன்றாவது வயரிலிருந்து எஞ்சின் உடம்புக்கு நீலப்பொறி தாவியது. மேலே இருந்த ரப்பர் உறை வெடித்திருந்தது. வயர் செட் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

அந்த ரப்பரைப் பற்றி நான் பிறகுதான் யோசித்தேன். 1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் டயருக்கான தேவை பெருகியபோதுதான் பேராக் காடுகள் தோட்டங்களாயின, நம்மவர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். பிறகு செயற்கை ரப்பரின் போட்டி வந்தது, செம்பனையில் லாபம் தெரிந்தது, பால்மரங்கள் சாய்ந்தன. காருக்காகப் பால் வெட்டியவர்களின் பேத்திக்கு இன்று கார் ஓடாவிட்டால் வேலை இல்லை. அவள் கொடுக்கும் முந்நூறு வெள்ளி ஒரு மாதத்து மளிகைச் சாமான்.

இப்போது ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்று வரும். மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்று அது சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்பதை ஒருவர் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடவும் முடியாது, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும், செலவு பல மடங்காகும்.

பட்டறையில் பணத்தை எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: “இதுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்கண்ணே?” சோதித்துப் பார்த்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.