கசூரினா மணலில் ஒரு பகல்

கடந்த சித்திரை விடுமுறையில் எனது நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போய் வந்தேன். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம். ஒரு போத்தல் தண்ணீர், புட்டுப் பார்சல், மாற்றுச் சட்டை, இரண்டு சிரட்டைகள். கொண்டுபோனவை இவ்வளவுதான்.

பொன்னாலை தாண்டியதும் பஸ் கடலுக்கு நடுவே போட்ட நீண்ட தெருவில் ஓடும். இரு பக்கமும் ஆழமில்லாத கடல். மீன்பிடிப்பதற்காகத் தடிகளை நட்டு வலை கட்டியிருந்தார்கள்.

"அம்மா, கொக்கு ஏன் ஒற்றைக் காலில நிக்குது?"

"மற்றக் காலுக்கு ஓய்வு குடுக்குதம்மா."

உடனே அவளும் ஆசனத்தில் ஏறி ஒற்றைக் காலில் நிற்கப் பார்த்தாள். நடத்துநரும் சிரித்துவிட்டார்.

காரைநகரில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். கரையோரம் நிற்கும் சவுக்கு மரங்களின் ஆங்கிலப் பெயரே இக்கடற்கரையின் பெயராகிவிட்டது. நெடுந்தூரம் வரை ஆழம் குறைவு, அலையும் பெரிதில்லை. சிறு பிள்ளைகளோடு போவதற்கு ஏற்ற இடம். என்றாலும் பிள்ளையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நாம் நிற்கவேண்டும். மாரி காலத்தில் கடலின் குணம் வேறு.

தண்ணீரில் கால் நனைத்த பின் மகள் சிரட்டையால் மணலைக் கிண்டத் தொடங்கினாள். குழி பெரிதாகிக்கொண்டே போனது.

"அம்மா, இது வீடு. நீங்கள் உள்ளுக்க வந்து இருங்கோ."

எனக்குக் கால் நகரவில்லை. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலும் இப்படியான மணலில்தான் எங்கள் பதுங்கு குழி இருந்தது. அப்போது எனக்கு 14 வயது. அம்மா தனது சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்துத் தந்தார். நானும் தம்பியும் அவற்றில் மணல் நிரப்பினோம். அம்மாவின் கூறைச் சேலையும் அப்படித்தான் போனது.

வீட்டில் மகள் மேசைக்குக் கீழே ஒளித்து விளையாடினாலே, "வெளிய வா" என்று கத்திவிடுவேன். நான் ஏன் கத்துகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. கடற்கரையிலும், "காணும், வா போவம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவளோ என் முகத்தைப் பார்த்தபடி மற்றச் சிரட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதை வாங்கிக்கொண்டு மெதுவாகக் குழிக்குள் இருந்தேன்.

சற்று நேரத்தில் அடியில் தண்ணீர் ஊறியது. "அம்மா, கிணறு வந்திட்டுது!" என்று துள்ளினாள். பிறகு சிரட்டையில் மணலை அடைத்துக் கவிழ்த்தாள். காய்ந்த மணல் உதிர்ந்தது. ஈர மணல் இட்டலியாக நின்றது. இதை அவளே கண்டுபிடித்தாள். "சம்பல் எங்க?" என்று கேட்டேன். சிப்பி பொறுக்கி வந்து வைத்தாள். நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அன்று இரவு, "அம்மா குழிக்குள்ள இருந்து இட்டலி சாப்பிட்டவ" என்று மகள் அம்மம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை தானும் வருவதாக மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, கசூரினா வரை போக வசதியில்லாவிட்டால் வீட்டு முற்றத்து மண்ணே போதும். வேலைகளுக்கிடையே ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். விளையாட்டைப் பிள்ளையே நடத்தட்டும். நீங்கள் அவர்கள் சொற்படி நடவுங்கள். பழைய நினைவு வந்து மனம் பதறினால் எழுந்து நில்லுங்கள், ஆறுதலாக மூச்சு விடுங்கள், பிறகு மீண்டும் வந்து இருங்கள். பதற்றம் எனக்கு முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் மணல் என்றதும் இப்போது அந்த இட்டலியும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.