எஞ்சிய ஆறு விதைகள்

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் உள்ளது எம் இல்லம். அதன் வேலியோரத்தில் ஆண்டுதோறும் ஸ்வீட் பீ என்னும் நறுமலர்க் கொடியை வளர்த்து வந்தவர் எம் பாட்டியார். அவர் மறைந்தபின் அவருடைய வேதப்புத்தகத்தினுள் பழைய கடித உறையொன்று அகப்பட்டது. அதனுள் 12 விதைகள் இருந்தன.

இக்கொடி நம் நாட்டிற்கு உரியதன்று. சிசிலித் தீவில் வாழ்ந்த குப்பானி என்னும் துறவியார் 1699இல் இதன் விதைகளை இங்கிலாந்தில் என்பீல்டு என்னும் ஊரிலிருந்த உவெடேல் என்னும் ஆசிரியருக்கு அனுப்பினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி எக்போர்டு என்பார் இதன் மலரைப் பெரிதாக்கி, நிறங்களையும் பெருக்கினார். பட்டாணிக்கு உறவாயினும் இதன் விதை நச்சுத்தன்மை உடையது, உண்ணத்தகாதது. அதனாற்போலும் பாட்டியார் அதனை அடுக்களையில் வைத்திலர்.

தோழர்க்குக் காட்டி மகிழவேண்டும் என்னும் செருக்கால், சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் ஆறு விதைகளை விடுதித் தொட்டிகளில் ஊன்றினோம். முளைத்தவை சாணளவு வளர்ந்து, வெளிறிக் கருகின. குளிர்ச்சியை விரும்பும் கொடி சமவெளியின் வெம்மையைத் தாங்குமோ என்று எண்ணிப் பார்க்கவும் யாம் பொறுத்திலோம். இதனை அன்னையாரிடம் உரைக்க நாணினோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எஞ்சிய ஆறையும் இரவு முழுதும் நீரில் ஊறவைத்தோம். நான்கு பருத்தன, இரண்டு கல்லெனக் கிடந்தன. அவற்றின் கண்ணுக்கு எதிர்ப்புறத்தே தோலை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மீண்டும் ஊறவைக்க, அவையும் பருத்தன. மக்கிய எருவிட்ட மண்ணில் ஓரங்குல ஆழத்தில் ஊன்றினோம். ஐந்து முளைத்தன.

மூன்றிணை இலைகள் தோன்றியதும் நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் பெருகும். அதனை நினைவூட்டிக் கல்லூரியிலிருந்து கடிதம் வரைந்தோம். "பாட்டி கிள்ளும்போதெல்லாம் அருகே நின்றவள் நான், எனக்கா கற்பிக்கிறாய்?" என்று அன்னையார் மறுமொழி விடுத்தார்.

கோடை விடுமுறைக்குச் சென்றபோது மேலிதழ் இளஞ்சிவப்பும் கீழிதழ் வெண்மையுமாகக் கொடிகள் பூத்திருந்தன. காய் பிடித்தால் பூப்பது குன்றும். ஆதலால் ஒருநாள் விட்டு ஒருநாள் மலர் கொய்தோம். ஆயின் அனைத்தையும் கொய்துவிட்டால் மறு ஆண்டிற்கு விதை ஏது? அப்பொழுதுதான் ஒன்று நினைவிற்கு வந்தது. பாட்டியாரின் வேலியில் கடைசிக் கொடி எப்பொழுதும் காய்ந்த காய்களோடு நிற்கும். கண்பார்வை மங்கியதால் அவர் அதனைக் கொய்யாது விட்டார் என்று எண்ணி, சிறுபருவத்தில் இருமுறை யாமே அக்காய்களைப் பறித்து எறிந்தோம். அவர் எம்மைக் கடிந்ததில்லை. எங்கோ மறைத்து வைத்திருந்த விதைகளைக் கொண்டு மறு ஆண்டும் கொடி வளர்த்தார்.

கடைசிக் கொடியில் அன்னையார் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். அதனை யாம் தொட்டிலோம். காய்கள் பழுப்பேறி, வெடிக்குமுன் பறித்து உரித்தபோது 43 விதைகள் கிடைத்தன. பழைய உறையில் 12 இட்டு, மற்றவற்றை அண்டை வீட்டார்க்குப் பகிர்ந்தார் அன்னையார்.

விடுமுறை முடிந்து புறப்படுகையில், "உன் விடுதிக்கு ஆறு வேண்டுமா?" என்று வினவினார். யாம் முன்னமே இழந்த ஆறினையும் அப்பொழுதுதான் அவரிடம் கூறினோம். அவர் சற்றே நகைத்து, உறையை மீண்டும் வேதப்புத்தகத்தினுள் வைத்தார்.